ஏழு ஊர்க் கோழிகள்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

கடையில் இன்று கூட்டம் தாங்கவில்லை. மூன்று லட்சம் பேர். போலீஸ் வந்து கயிறு கட்டி வரிசை பிடித்தார்கள்.

உண்மையில் வந்தது நான்கு பேர். அதில் ஒருவர் ராசிபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தவர். ஆடி முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஆடியில் எவனும் வீடு கட்ட ஆரம்பிக்க மாட்டான், குழாய் வாங்க மாட்டான். அதனால்தான், மோட்டார் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்து இதுவரை கொசு அடிக்க மட்டும் பயன்பட்ட இந்த டைரிக்கு இன்று விடிவுகாலம். வெண்ணந்தூர் பிளாஸ்டிக் குழாய்களின் சக்கரவர்த்தியும், வணிகர் சங்கத் துணைத்தலைவரும், மாரியம்மன் பண்டிகைக் கமிட்டியின் நிரந்தர மைக் பொறுப்பாளருமாகிய மயில்சாமி எழுதிக்கொள்வது.

நாலு மணிக்குக் கண்ணுசாமி வந்தான். நாற்பத்தைந்து வருஷமாகச் சிநேகிதன். கவிழ்த்துப் போட்ட இருபது லிட்டர் பெயிண்ட் வாளிதான் அவன் சிம்மாசனம். எதிரே டீக்கடை பச்சமுத்து இரண்டு டீயோடு தானாக வந்துவிடுவான், சொல்ல வேண்டியதில்லை.

"டேய் மயிலு, எடப்பாடில இருந்து ஒரு சாதகம் வந்திருக்குதுடா" என்றான். அவன் மகன் தமிழரசுக்கு. முப்பத்து நாலு முடிந்துவிட்டது. ஏழு வருஷமாகப் பெண் தேடுகிறார்கள். எட்டு வருஷம் ரிக்கு வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டிய பையன். இரண்டு வருஷமாக அதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து அப்பனுடைய முட்டைக்கோழிப் பண்ணையைப் பார்க்கிறான். முதலில் ரிக்கு என்று சொல்லித் தட்டினார்கள், இப்போது கோழி நாற்றம் என்று தட்டுகிறார்கள். பார்த்த பெண்களை வரிசையாக நிறுத்தினால் சேலம் ஜங்ஷன் வரை போகும்.

"இது ஒண்ணு அமைஞ்சிருச்சுன்னா போதும் மயிலு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டியதில்ல."

சொல்லும்போது டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

எடப்பாடி படையெடுப்பு. ஒரே கார். தளபதி நான்.

பெண் பெயர் கிருத்திகா. எம்.காம். படித்து அங்கேயே ஒரு தனியார் ஆபீஸில் வேலை. தமிழரசும் அவளும் மொட்டை மாடியில் இருபது நிமிஷம் பேசினார்கள். கீழே இறங்கி வந்தவன் முகத்தில் ஹை வோல்ட்டேஜ் லைன் போகிற மாதிரி வெளிச்சம். காரில் என் காதோரம், "அவங்களுக்குக் கோழின்னா பயமில்லையாம் மாமா" என்றான். முப்பத்து நாலு வயசுக்காரன் வெட்கப்படுவது பார்க்கக் கண் கொள்ளாது.

பெண்ணின் அப்பா தனபால் லாரி ஓட்டியவராம். ஏதோ தன் லாரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அதைவிட நல்ல லாரிக் கதை ஒன்று என்னிடம் இருந்ததால் நடுவில் புகுந்துவிட்டேன். தொப்பூர் கணவாயில் பிரேக் இல்லாமல் நான் இறங்கிய கதை. (நான் க்ளீனர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். பிரேக்கும் இருந்தது.) எல்லோரும் சிரித்தார்கள். தனபால் மட்டும் கொஞ்சமாகச் சிரித்தார்.

பஜ்ஜி பிரமாதம். நான் சாப்பிட்ட கணக்கைச் சரித்திரம் எழுதாமல் இருப்பதே நல்லது.

29 ஆகஸ்ட், வியாழன்

இன்று நான் தமிழரசுக்குச் செய்த உபகாரத்தைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். பேனாவில் நீலம்தான் இருக்கிறது.

காலை பதினோரு மணிக்கு இரண்டு பேர். பச்சமுத்து கடையில் டீ குடித்துவிட்டு, சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தார்கள். குழாய் வளைகிற இடத்தில் மாட்டுகிற அரை இஞ்ச் எல்போ ஒன்று கேட்டார்கள். கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எல்போவில் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு ஓட்டை. அப்போதே புரிந்துவிட்டது. பையனை விசாரிக்க வந்த ஆட்கள். வெளியே சொல்லாமல் நாலு கடையில் பொருள் வாங்குகிற சாக்கில் கேட்டுக்கொண்டு போவதுதானே நம் பக்கத்து வழக்கம். என் மகள் மைதிலிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நானே சேலத்தில் ஒரு கடையில் தேவையில்லாத டார்ச் லைட் மூன்று வாங்கினேன்.

"இங்க கோழிப்பண்ணை கண்ணுசாமின்னு..." என்று மூத்தவர் இழுத்தார். "பையன் எப்படிங்க?"

மைக் இல்லாத குறை ஒன்றுதான். ஆரம்பித்தேன்.

"பையனுங்களா? சொக்கத் தங்கமுங்க! ஒழைப்புன்னா அப்படியொரு ஒழைப்பு. வருசத்துல முந்நூத்தி அறுவது நாளு ரிக்கு வண்டியோடதான் குடித்தனம். பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்தான்னா சொந்த நாயே அடையாளந் தெரியாம கொலைக்குமுங்க!"

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. ஆனால் பழைய கதையாகச் சொன்னால் கம்பீரம் போய்விடும்.

"அம்மாக்காரங்க?"

"சௌந்திரமுங்களா? அவங்க ஒரு சத்தம் போட்டாங்கன்னா ஏழு ஊர்க் கோழி முட்டை போடறத நிறுத்திப்போடுமுங்க!"

இருபது வருஷமாக இந்த ஊரில் ஒவ்வொரு விசேஷத்திலும் கைதட்டு வாங்கிய வசனம். சௌந்திரமே விழுந்து விழுந்து சிரிப்பாள். இவர்கள் சிரிக்கவில்லை. இளையவர் போனில் ஏதோ தட்டிக்கொண்டார். என் வார்த்தைகளைக் குறிப்பெடுத்திருக்க வேண்டும்.

எல்போவை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சந்தோஷத்தில் மறந்திருப்பார்கள்.

5 செப்டம்பர், வியாழன்

எடப்பாடியிலிருந்து போன் வந்ததாம். "சாதகத்த இன்னொருக்காப் பார்த்தமுங்க, சேரலீங்க" என்றார்களாம். ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்று இரண்டு பக்க ஜோசியரும் சொல்லி, பிறகுதான் பெண்ணே பார்க்கப் போனோம்.

கண்ணுசாமி வாளியில் உட்கார்ந்தான். டீ ஆறிப்போனது. "தமிழு என்ன சொல்றான்?" என்றேன்.

"ஒண்ணுஞ் சொல்லல. தீவனம் அள்ளிட்டு இருக்கான்."

எடப்பாடி மீது படை எடுத்து, கோட்டை கொத்தளங்களைத் தூளாக்கி, அந்த ஜோசியனை யானைக் காலில் — இப்படியெல்லாம் பேசினேன். கண்ணுசாமி சிரிக்கவில்லை. எனக்கே குரல் பாதியில் நின்றுவிட்டது.

15 செப்டம்பர், ஞாயிறு

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

சங்ககிரியில் ஒரு கல்யாணம். என் மனைவி ஜோதி பக்கத்தில் அவள் ஒன்றுவிட்ட சித்தி அத்தாயி வந்து உட்கார்ந்திருக்கிறாள். எடப்பாடிக்காரி. தனபால் வீட்டுத் தெருதான். பேச்சு வாக்கில் சொல்லியிருக்கிறாள். "உங்க ஊர்ப் பையன் ஒருத்தனப் பார்த்தாங்க. விசாரிக்கப் போனவிககிட்ட ஒரு கடைக்காரன் புட்டுப் புட்டு வெச்சுட்டானாம். பையன் ஊட்டுக்கே வரமாட்டானாம். மாமியாக்காரி சத்தம் போட்டா ஏழு ஊர்க் கோழி முட்டை வெக்காதாம். நல்ல வேளை, முன்னாலயே தெரிஞ்சுது."

திரும்பி வருகிற வழியில், ஆட்டையாம்பட்டி தாண்டி, முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஜோதி இதைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க. கோழி சொன்னது நீங்கதானுங்களே?"

வண்டியை ஓரம் கட்டினேன்.

"நான் பெருமையாத்தான் சொன்னேன் ஜோதி."

"தெரியுமுங்க" என்றாள். "அது நமக்குத் தெரியும். அவிகளுக்கு எப்படித் தெரியும்?"

16 செப்டம்பர், திங்கள்

எல்போ இன்னும் மேஜை மேல் இருக்கிறது. யாருக்கும் விற்க மனம் வரவில்லை.

19 செப்டம்பர், வியாழன்

கண்ணுசாமிக்கும் செய்தி போய்விட்டது. முழுசாக இல்லை. ஊர்க்காரன் எவனோ தப்பாகச் சொல்லிவிட்டான், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருப்பவன் என்கிற அளவுக்குத்தான். கோழி வசனம் மட்டும் அவன் காதுக்குப் போகவில்லை. போயிருந்தால் அடுத்த நொடியே தெரிந்திருக்கும்.

"மயிலு, உனக்குத் தெரியாத ஆள் இந்த ஊர்ல கெடையாது. ஆருன்னு நீ கண்டுபிடிச்சுக் குடு. உன்னையத்தான் நம்பியிருக்கறேன்."

"கண்டுபிடிச்சர்றேன்" என்றேன்.

ஏன்டா அப்படிச் சொன்னாய்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. மற்ற விஷயங்களுக்கு ஆயிரம் வார்த்தை கொட்டுகிற வாய், 'நான்தான்டா' என்று ஒரு சொல்லுக்குத் திறக்க மாட்டேன் என்கிறது.

24 செப்டம்பர், செவ்வாய்

நான் கண்டுபிடித்துக் கொடுக்காததால் அவனே கண்டுபிடித்துக்கொண்டான். பச்சமுத்துவாம்!

வந்தவர்கள் பச்சமுத்து கடையில் டீ குடித்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுசாமி அங்கே போய்ச் சண்டை போடவில்லை. அவன் சண்டை போடுகிறவன் இல்லை. அந்தக் கடைப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான். பண்ணை ஆட்கள் போவதில்லை. முட்டை ஏற்றுகிற வண்டிக்காரர்கள் போவதில்லை. நாலு நாளாகப் பச்சமுத்து பெஞ்சு காலி. பால் சட்டியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்கிறான். இன்று நாலு மணிக்கு எனக்கு மட்டும் ஒரு டீ கொண்டு வந்தான். கண்ணுசாமி அவன் வருவதைப் பார்த்து எழுந்து போய்விட்டான்.

"நான் ஒரு வார்த்தை பேசலீங்க" என்றான் பச்சமுத்து. "சக்கரை கம்மியான்னு கேட்டேன். அவ்வளவுதானுங்க."

"தெரியும் பச்சமுத்து."

கிளாஸை வைத்தான். போகவில்லை.

"அவிக உங்க கடைக்குத்தானுங்க வந்தாங்க. நானு ஆருகிட்டயும் சொல்லலீங்க."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. நான் பெரிய மனுஷன், சங்கத் துணைத்தலைவர், சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவனே முடிவு செய்து வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

29 செப்டம்பர், ஞாயிறு

எடப்பாடிக்குப் பஸ்ஸில் போனேன். கார் எடுத்தால் ஜோதி கேட்பாள். சட்டைப் பையில் அந்த எல்போ. எதற்கு எடுத்துப் போனேன்? ஏதோ சாட்சி மாதிரி.

தனபால் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், உவமை கூடாது, உயர்வு நவிற்சி கூடாது என்று. "விசாரிக்க வந்தவிககிட்டப் பேசுனது நானுங்க. நான் எதையும் பத்து மடங்காச் சொல்ற ஆளு. பையன் ரிக்க விட்டு ரெண்டு வருசமாச்சுங்க. ஊட்டோடதான் இருக்கான். அவங்கம்மா அதிர்ந்து பேச மாட்டாங்க. அதனாலதான் அந்தக் கோழிப் பேச்சு எங்க ஊர்ல சிரிப்பு."

வாழ்க்கையிலேயே இவ்வளவு சின்னதாக நான் பேசியதில்லை.

தனபால் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்குச் சொன்னது பொய்யுங்களா, இன்னைக்குச் சொல்றது பொய்யுங்களா?"

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நீங்க பொண்ணுப் பார்க்க வந்தன்னைக்கே சொன்னனுங்களே. முப்பது வருசம் லாரிலயே போச்சு, எம்பட பொண்ணு பொறந்ததக்கூட எட்டு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன், அதனால ஊட்டோட இருக்கற மாப்பிள்ளதான் வேணும்னு. சொல்லிட்டு இருக்கறப்பத்தான் நீங்க தொப்பூர் கதைய எடுத்தீங்க."

ஆமாம். எடுத்தேன்.

வாசற்படி ஓரம் கிருத்திகா நின்றிருந்தாள். "அவரு சொன்னாருங்க, ரெண்டு வருசமா ஊட்டுலதான் இருக்கறேன்னு" என்றாள். "நாங்கதான் நம்பல. அவரு தனக்காகச் சொல்வாரு, பெரியவரு நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்கன்னு நெனச்சோம்."

போன வெள்ளிக்கிழமை பவானிப் பக்கம் உறுதி செய்துவிட்டார்களாம்.

பையன் மெய் சொல்லியிருக்கிறான். என் பேச்சு அதைப் பொய்யாக்கிவிட்டது. பஸ் சங்ககிரி வரும்வரை சட்டைப் பையில் எல்போ நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

2 அக்டோபர், புதன்

காந்தி ஜெயந்தி. உண்மை சொல்ல இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று பண்ணைக்கே கிளம்பினேன்.

கண்ணுசாமி நாமக்கல் போயிருந்தான். தமிழரசு ஷெட்டுக்குள் தண்ணீர் லைன் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க மாமா" என்று சிரித்தான். இளைத்திருக்கிறான். சௌந்திரம் கையசைத்து என்னை வெளியே நிற்கச் சொல்லி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடி மேல் அடி வைத்து வந்தாள். "கோழி மெரண்டுக்குமுங்கண்ணா" என்றாள் — கிசுகிசுப்பாக.

இருபது வருஷமாகப் பண்ணைக்குள் கிசுகிசுத்துக் கிசுகிசுத்து, வெளியேயும் அதே குரல் ஆகிவிட்டது அவளுக்கு. அவள் சத்தம் போட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த ஊரே கேட்டதில்லை. அதுதான் அந்த வசனத்தின் ருசி. அந்த ருசி ஊர் எல்லையோடு முடிந்துவிடும் என்று இந்தச் சக்கரவர்த்திக்குத் தெரியவில்லை.

மோர் கொடுத்தாள். குடித்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. தமிழரசு "சும்மா இரு" என்றதும் வாலாட்டிக்கொண்டு அவன் காலடியில் படுத்துக்கொண்டது. அந்த நாய்க்கு அவனை எவ்வளவு நன்றாகத் தெரிகிறது!

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. வருஷா வருஷம் என் கடைக்குப் பூசணி உடைப்பது கண்ணுசாமிதான். கடை திறந்த முதல் வருஷத்திலிருந்தே அது அவன் உரிமை. தராசு, பைப் அறுக்கிற ரம்பம், பில் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. ஜோதி தீபாராதனை காட்டினாள். கண்ணுசாமி பூசணிக்காய்க்குள் குங்குமம் கொட்டி, மேலே சூடம் ஏற்றிக் கையில் ஏந்திக்கொண்டு கடையை மூன்று சுற்று சுற்றினான். எதிரே பச்சமுத்துவும் தன் பாய்லருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். அவன் கடையில் ஆள் இல்லை.

கண்ணுசாமி சாலைக்கு இறங்கினான். "இந்தக் கடை மேல கண்ணு வெச்சவன், எம்பட பையன் வாழ்க்கைல மண்ணு போட்டவன், எல்லாத்துக்குஞ் சேர்த்துதான்டா இது" என்று பச்சமுத்து பக்கம் பார்த்தபடி கையைத் தூக்கினான்.

"கண்ணு, நிறுத்து" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று கோவையாக எழுத வரவில்லை. நான்தான்டா என்றேன். பச்சமுத்து இல்லை, நான். ரிக்கு சொன்னது நான். கோழி சொன்னது நான். பெருமைக்குச் சொன்னேன். எடப்பாடி போய்ப் பார்த்தேன், முடிந்துபோச்சு. இவ்வளவுதான். ஜோதி தட்டைப் பிடித்தபடி நின்றாள். பச்சமுத்து கை பொட்டு வைத்த இடத்திலேயே நின்றது.

கண்ணுசாமி என்னைத் திட்டவில்லை. சூடம் எரிந்து அணைகிற வரை பூசணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கை சுட்டிருக்கும். பிறகு மெதுவாகக் குனிந்து, என் கடைப் படியில் முழுசாக வைத்தான்.

"மூணு வாரமா உங்கிட்டயேதான் கேட்டுட்டு இருந்தேன்" என்றான்.

சாலையைக் கடந்து நேரே பச்சமுத்து முன்னால் போய் நின்றான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. பச்சமுத்து தலையைத் தலையை ஆட்டினான், போகட்டுங்க போகட்டுங்க என்பது போல. அப்புறம் கண்ணுசாமி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பூசணியை உடைக்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் பச்சமுத்துதான் வந்து, "வெச்சிருந்தா ஆகாதுங்க" என்று எடுத்துப் போய் உடைத்தான். சிதறல் யார் காலிலும் பட்டு வழுக்காமல் ஓரமாகத் தள்ளியும் விட்டான்.

13 அக்டோபர், ஞாயிறு

சௌந்திரம் வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, அந்தப் பேச்சுக்கு இத்தன வருசம் நானுந்தானே சிரிச்சேன். ஒரு நாளாவது போதும்னு சொல்லியிருக்கோணும்."

"நீ என்னம்மா பண்ணுவே" என்றேன். இன்னும் ஏதோ சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தமிழு ஒண்ணும் நெனைக்கலீங்கண்ணா. மாமா வேணும்னே சொல்லியிருக்க மாட்டாருன்னான். ஆனா எங்கூட்டுக்காரரு இனி இங்க வர மாட்டாரு. வரச் சொல்லி நானுஞ் சொல்ல மாட்டேன்."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். எனக்கு ஏழு ஊருக்கும் கேட்ட மாதிரி இருந்தது.

4 நவம்பர், திங்கள்

நாலு மணி. வாளி காலி.

கண்ணுசாமி டீ குடிக்க வருகிறான் — பச்சமுத்து கடைக்கு. பெஞ்சின் அந்தக் கோடியில், என் கடைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். முதுகில் சட்டை ஒரு இடத்தில் தையல் விட்டிருக்கிறது. கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

20 நவம்பர், புதன்

சங்கக் கூட்டம். ஆண்டு விழாவுக்கு மைக் என்னிடம்தான் என்றார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

18 ஜனவரி 2025, சனி

கம்பெனிக்காரன் புது டைரி கொண்டுவந்து கொடுத்தான். பழையதிலேயே நிறைய இடம் மிச்சம். தேதியை அடித்து இதிலேயே எழுதுகிறேன்.

பொங்கலுக்குத் தமிழரசு வெல்லப் பொங்கல் கொண்டுவந்தான். வாளியைத் துடைத்துப் போட்டேன். "இல்ல மாமா, அப்பா உக்கார்ற எடம்" என்று நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனான்.

20 பிப்ரவரி, வியாழன்

ஒரு அம்மாளும் அவர் தம்பியும் வந்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. ஒரு இஞ்ச் ஆணி நூறு கிராம் கேட்டார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு யார் ஆணி வாங்க வருவார்கள்? ஆணியைத் தராசில் கொட்டினேன்.

"கோழிப்பண்ணைக்காரர் பையன் தமிழரசுன்னு... எப்படிங்க?"

எத்தனையோ வந்தது வாய் வரைக்கும். பல்லைக் கடித்தேன்.

"ரெண்டரை வருசமா ஊட்டோடதான் இருக்கானுங்க. குடிக்க மாட்டான். அவங்கம்மா மெதுவாப் பேசுவாங்க."

இன்னும் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். "வேற ஏதும் இருக்குங்களா?" என்றார் தம்பி, சந்தேகமாக. குறைத்துச் சொன்னாலும் சந்தேகம்தானா!

"எம்பட பேச்ச நம்ப வேண்டாமுங்க. பண்ணை கேட் தெறந்துதான் கெடக்கும். நேரா உள்ள போயி பையனையே பாருங்க. அவன் என்ன சொல்றானோ அதுதான் நெசம்."

ஆணியை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

18 மே, ஞாயிறு

தமிழரசுக்கும் ஆத்தூர் தீபிகாவுக்கும் ஜூன் எட்டு. அன்றைக்கு ஆணி வாங்கிய அம்மாள்தான் பெண்ணின் தாய்.

சௌந்திரமும் தமிழரசும் தட்டில் பழம் பாக்கோடு பத்திரிகை வைத்தார்கள். கண்ணுசாமி காரில் இருந்தான். இறங்கவில்லை. எனக்குத்தான் முதல் பத்திரிகை என்று ஏழு வருஷத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தான். ஜோதி பத்திரிகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் குடுத்து முடிச்சிட்டாங்க போல" என்றாள்.

8 ஜூன், ஞாயிறு

கல்யாணம். நானூறு பேர் இருக்கும். ஐந்து ஆறு பேர் கூடவோ குறையவோ இருக்கலாம்.

மண்டப வாசலில் கண்ணுசாமி வருகிறவர்களுக்கெல்லாம் கை கூப்பிக்கொண்டிருந்தான். எனக்கும் கூப்பினான். மற்றவர்களுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். பச்சமுத்து வெள்ளைச் சட்டையில் சந்தனக் கிண்ணத்தோடு அவன் பக்கத்தில் நின்றிருந்தான். அது நான் நிற்க வேண்டிய இடம் என்று ஒரு நொடி தோன்றியது. சந்தனம் பூசிக்கொண்டு உள்ளே போனேன்.

தமிழரசு தாலி கட்டினான். தீபிகா ஏதோ சொன்னாள். சிரித்தான். எடப்பாடி மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தபோது பார்த்த அதே முகம். அந்த வெளிச்சத்தை நான் ஒன்பது மாதம் அணைத்து வைத்திருந்தேன். இனி அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கப் போவதில்லை. நான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் பெண் வீட்டுச் சொந்தம். ஆத்தூர்க்காரர், பேச்சுப் பிரியர். ஊரைப் பற்றிக் கேட்டார், கடையைப் பற்றிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளையோட அம்மா எப்படிங்க?" என்றார்.

"நல்லவங்க" என்றேன். இலையில் பச்சடியைத் தள்ளி வைத்தேன்.

அவர் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல். பாயசத் தூக்கோடு சௌந்திரம்.

"அவ்வளவுதானுங்களா அண்ணா?"

சிரித்துக்கொண்டு கேட்டாளா, சும்மா கேட்டாளா தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இலைக்கு நேராகக் கையை நீட்டி, "கொஞ்சமா ஊத்தும்மா" என்றேன்.